ஈயம் 1 பிபிஎம் என்றால் பேரிங் நலமா? ஸ்போர்ட்ஸ் காரின் ஆயில் சோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

ஏற்கெனவே ஓடிய பிஎம்டபிள்யூ எம்3 காரை வாங்க நினைப்பவரிடம் விற்பவர் பல நேரங்களில் ஒரு தாளை எடுத்துக் காட்டுவார். ஆயில் மாற்றும்போது சிறு குப்பியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிய பழைய ஆயிலின் சோதனை அறிக்கை அது. தனிமங்களின் பெயர்கள், எதிரே எண்கள், பக்கத்தில் ‘சராசரி’ என்றொரு பத்தி, அடியில் ‘தேய்மானம் இயல்பு’ என்று ஒரு வரி. ஈயத்துக்கு எதிரே 1 என்று இருந்தால் வாங்குபவர் நிம்மதி அடைகிறார். 12 என்று இருந்தால் பின்வாங்குகிறார். இரண்டு முடிவுகளுமே தவறாகப் போகலாம். அந்த இன்ஜினுக்குள் இருக்கும் பேரிங் எந்த உலோகத்தால் ஆனது, அந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இடையில் எத்தனை லிட்டர் புது ஆயில் ஊற்றப்பட்டது என்ற மூன்றும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

ஆயிலில் உலோகம் சேர்வதும் அதை அளப்பதும்

இன்ஜினுக்குள் ஒன்றோடொன்று உராயும் பரப்புகளிலிருந்து மிக நுண்ணிய துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. நல்ல நிலையில் உள்ள இன்ஜினிலும் இது நடக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை என்பதால் இவை ஃபில்டரில் சிக்காமல் ஆயிலிலேயே மிதந்து சுற்றுகின்றன. எந்தத் தனிமம் எவ்வளவு மிதக்கிறது என்று அளந்தால், இன்ஜினைத் திறக்காமலே எந்தப் பாகம் தேய்கிறது என்று ஊகிக்கலாம். 1946-இல் அமெரிக்காவின் டென்வர் - ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே தன் டீசல் இன்ஜின்களுக்கு இந்த முறையைக் கையாளத் தொடங்கியது. பிறகு இது ராணுவ விமானங்களுக்குப் போய், கடைசியாகத் தனியார் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

இன்றைய ஆய்வகங்களில் ஆயிலைக் கரைப்பானில் நீர்க்கச் செய்து, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளிக்கிறார்கள். அந்த வெப்பத்தில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளி வீசும். ஒளியின் செறிவைக் கொண்டு அளவைக் கணக்கிடுகிறார்கள். விடை பிபிஎம் அலகில், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் வருகிறது. ஒரு கிலோ ஆயிலில் ஒரு மில்லிகிராம் உலோகம் இருந்தால் அது 1 பிபிஎம்.

இந்தக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. சுமார் 5 முதல் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் பிளாஸ்மாவில் முழுதாக ஆவியாவதில்லை என்பதால் அது கணக்கில் சரியாக ஏறுவதில்லை. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், அறிக்கையில் உள்ள எண் எவ்வளவு சிறிய துகள்களைப் பற்றியது என்பது விளங்கும்.

எஸ்65: அறிக்கையைப் படிக்கக் கற்றுத்தரும் இன்ஜின்

இ90, இ92, இ93 என்ற குறியீடுகளில் 2007 முதல் 2013 வரை வந்த எம்3 கார்களில் இருந்தது எஸ்65 என்ற 4.0 லிட்டர் வி8 இன்ஜின். அதன் உச்ச சக்தி நிமிடத்துக்கு 8,300 சுழற்சியில் கிடைக்கும், வரம்பு 8,400. அதற்கென நிறுவனம் பரிந்துரைத்தது 10டபிள்யூ-60 தர ஆயில். ஃபில்டரோடு சேர்த்து 8.8 லிட்டர் பிடிக்கும். இந்த இன்ஜினில், பிஸ்டனைக் கிராங்க்‌ஷாஃப்ட் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்கின்றன என்பது உரிமையாளர்களிடையே நீண்டகாலக் கவலை. அதற்கு முந்தைய எம்3-இல் இருந்த எஸ்54 இன்ஜினிலும் இதே பேரிங் சிக்கலாகி, தொடக்க ஆண்டுக் கார்களுக்கு நிறுவனமே பேரிங்குகளை மாற்றித் தந்தது. எம்3 உரிமையாளர்கள் ஆயில் சோதனையில் இத்தனை ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

கனெக்டிங் ராட் பேரிங் என்பது உருளையோ குண்டோ அல்ல. அரைவட்டமாக வளைத்த இரண்டு மெல்லிய ஓடுகள். முதுகு எஃகு. அதன்மேல் செம்புக் கலவை. அதற்கும் மேலே, கிராங்க்‌ஷாஃப்ட்டை நோக்கிய பக்கத்தில், ஈயம் மிகுந்த மென்மையான மேற்பூச்சு. எஸ்65-இன் தொடக்க ஆண்டு ஓடுகள் இந்த அமைப்பில் இருந்தன. தேய்மானம் மேலிருந்து கீழே போவதால் ஆயிலில் முதலில் ஈயம் ஏறும். மேற்பூச்சு கரைந்து தீர்ந்த இடங்களில் செம்பு தலைகாட்டும். ஈயம் உயர்ந்து, அதைத் தொடர்ந்து செம்பும் உயர்ந்தால் பேரிங் ஓட்டின் இரண்டாம் அடுக்கு உரசப்படுகிறது என்று படிக்கலாம்.

இனிதான் பலரும் தவறவிடும் இடம். வாகனங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டுக் கட்டளை, இன்ஜின் பேரிங்குகளுக்கு மட்டும் சில காலம் விலக்கு அளித்திருந்தது. அந்த விலக்கு 2011 ஜூலை 1-இல் முடிந்தது. எஸ்65 இன்ஜினிலும் அந்த ஆண்டுகளை ஒட்டி ஓடுகள் மாறின. ஈயம் போய், அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த பரப்பு வந்தது. ஆகவே 2012-இல் செய்த எம்3-இன் அறிக்கையில் ‘ஈயம் 1’ என்று இருப்பதில் எந்த நற்செய்தியும் இல்லை. அந்த ஓட்டில் உதிர்வதற்கு ஈயமே கிடையாது. பேரிங் முற்றிலும் தேய்ந்திருந்தாலும் அந்த எண் 1 ஆகவே இருக்கும். அதில் பார்க்க வேண்டியவை வெள்ளீயமும் அலுமினியமும். ஆனால் அலுமினியம் பிஸ்டனிலிருந்தும் வரும், இன்ஜின் பிளாக்கிலிருந்தும் வரும் என்பதால் புதிய ஓடுகளின் தேய்மானத்தைப் பிரித்தறிவது பழையவற்றைவிடக் கடினம். ஈயமுள்ள ஓடுகள் தங்கள் நோயைத் தாங்களே காட்டிக்கொடுத்தன. ஈயமற்றவை அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை.

பேரிங் ஒருமுறை மாற்றப்பட்ட காரானால் உற்பத்தி ஆண்டும் துணை செய்யாது. எந்த வகை ஓடு போடப்பட்டது என்பதை அந்த வேலையின் பில்லில் உள்ள பாக எண்ணைக் கொண்டே அறிய முடியும்.

மற்ற தனிமங்கள்

1. இரும்பு: கிராங்க்‌ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட், டைமிங் செயின், ஆயில் பம்ப் எனப் பல இடங்களிலிருந்து வரும். ஓடிய தூரத்தோடு ஏறத்தாழ சீராகக் கூடுவது இதன் இயல்பு. இரும்போடு குரோமியமும் சேர்ந்து உயர்ந்தால் பல இன்ஜின்களில் அது பிஸ்டன் ரிங்கைக் குறிக்கும்.

2. செம்பு தனியாக உயர்வது: ஈயமும் வெள்ளீயமும் அசையாமல் செம்பு மட்டும் ஏறினால் பேரிங்மீது பழி போடுவதற்கு முன் புஷ் எனப்படும் உருளை உறைகளையும் ஆயில் கூலரையும் எண்ண வேண்டும். செம்புக் குழாய் கொண்ட கூலர்களில், ஆயிலின் வேதிச் சேர்க்கைகள் செம்பைக் கரைத்து எடுப்பது உண்டு. ஆயில் பிராண்டை மாற்றியதும் செம்பு திடீரென்று உயர்ந்து, ஓரிரு ஆயில் மாற்றங்களில் தானாகத் தணிவது பெரும்பாலும் இந்த வகையே.

3. சிலிக்கான்: அறிக்கையில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் தனிமம் இது. தூசியிலும் உண்டு, கேஸ்கெட் பசையிலும் உண்டு, ஆயிலில் நுரை கட்டாமல் இருக்கச் சேர்க்கும் மருந்திலும் உண்டு. புது இன்ஜினிலோ, அண்மையில் திறந்து மூடிய இன்ஜினிலோ சிலிக்கான் மட்டும் உயர்ந்து மற்றவை அமைதியாக இருந்தால் அது பசையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏர் ஃபில்டரைக் கடந்து தூசி உள்ளே போயிருந்தால் சிலிக்கானோடு அலுமினியமும், தூசி அரைத்ததன் விளைவாக இரும்பும் சேர்ந்து உயரும். எஸ்65 இங்கே இன்னொரு முடிச்சையும் போடுகிறது. லேண்ட்ஸ்ஹூட் நகரில் உள்ள பிஎம்டபிள்யூ வார்ப்பாலையில் உருவான அதன் பிளாக்கில் சிலிண்டருக்குள் பொருத்தும் தனி உள்ளுறை (லைனர்) இல்லை. அலுமினியம்-சிலிக்கான் கலவையின் கடினமான சிலிக்கான் படிகங்கள்மீதே, இரும்புப் பூச்சுள்ள பிஸ்டன்கள் ஓடுகின்றன. அதாவது சிலிண்டர் சுவர் தேய்ந்தாலும் அலுமினியமும் சிலிக்கானும் வரும். பிஸ்டன் பூச்சு தேய்ந்தால் இரும்பும் வரும். தூசிக்கும் சுவர்த் தேய்மானத்துக்கும் வேறுபாடு காண விகிதம் ஓரளவு துணை செய்கிறது. இத்தகைய கலவையில் சிலிக்கான் சுமார் 17 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி அலுமினியம். மண்தூசியிலோ சிலிக்கானே அலுமினியத்தைவிட மிகுதி. ஆகவே அலுமினியம் ஓங்கியிருந்தால் கவனம் இன்ஜினுக்குள் திரும்ப வேண்டும்; சிலிக்கான் ஓங்கியிருந்தால் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

4. சோடியம், பொட்டாசியம்: இரண்டும் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அடையாளங்கள். கூலன்ட் ஆயிலில் கசிந்தால் அதிலுள்ள நீர் சூட்டில் ஆவியாகிவிடும், உப்புகள் தங்கிவிடும். சில ஆயில்களில் சோடியம் சேர்க்கையாகவே இருப்பதால், பொட்டாசியமும் கூடவே உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

5. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ், போரான், மாலிப்டினம்: இவை பெரும்பாலும் ஆயில் தயாரிப்பாளரே சேர்த்தவை. துத்தநாகம் 1,000 பிபிஎம் என்று கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சில ஆயில்களில் டைட்டானியம் கூடச் சேர்க்கையாக உண்டு. அதைக் கண்டு எந்தப் பாகம் உடைந்தது என்று தேடுவது வீண்.

ரேஸ் டிராக்கில் ஓடும் காருக்கு ஓர் எச்சரிக்கை: ஈயம் கலந்த பந்தய எரிபொருளையோ விமான பெட்ரோலையோ ஒருமுறை ஊற்றியிருந்தாலும் அதன் ஈயம் ஆயிலுக்குள் இறங்கும். பேரிங் தேய்மானம் ஒருபோதும் எட்டாத உயரத்துக்கு அந்த எண் போகும். அந்தச் சுற்றில், அதாவது அடுத்த ஆயில் மாற்றம் வரை, ஈயத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

பிபிஎம் என்பது செறிவு, எடை அல்ல

8.8 லிட்டர் ஆயிலின் எடை ஏறத்தாழ 7.5 கிலோ. அதில் ஈயம் 20 பிபிஎம் என்றால் மொத்தம் 150 மில்லிகிராம்; ஒன்று திரட்டினால் சில கடுகு அளவுதான் தேறும். அதே 150 மில்லிகிராம் 5.5 லிட்டர் பிடிக்கும் எஸ்54 இன்ஜினில் உதிர்ந்திருந்தால் அறிக்கை 32 பிபிஎம் என்று காட்டும். தேய்மானம் ஒன்றுதான், ஆயிலின் அளவு வேறு. ஒரு மாடலின் எண்ணை இன்னொரு மாடலின் எண்ணோடு ஒப்பிடுவது ஏன் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இடையில் ஊற்றும் ஆயிலும் எண்ணைக் கலைக்கும். ஒரு சுற்றில் இன்ஜின் 2 லிட்டர் ஆயிலைக் குடித்து, அதே அளவு புது ஆயில் சிறிது சிறிதாக ஊற்றப்பட்டிருந்தால், குடித்த ஆயிலோடு உலோகமும் வெளியேறியிருக்கும். எஸ்65-இல் உலோக அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும். சோதனைக்கு எடுப்பதற்குச் சற்று முன்பு ஒரே தடவையில் 2 லிட்டர் ஊற்றியிருந்தால் குறைவு இன்னும் பெரிது. ஊற்றிய அளவைக் குறித்து வைக்காத அறிக்கை பாதி அறிக்கைதான்.

தூரத்தைக் கணக்கில் கொள்ள, பிபிஎம்மை ஓடிய ஆயிரம் கிலோமீட்டருக்கு என்று வகுத்துப் பார்ப்பது வழக்கம். இது பயனுள்ளது, ஆனால் முழுச் சரியன்று. ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுவதால் புதுச் சுற்று பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. 2,000 கிலோமீட்டரில் எடுத்த மாதிரி அதனாலேயே ஆயிரத்துக்கு அதிகமாகத் தேய்வதுபோல் தோன்றும்.

ஆயிலின் சொந்த உடல்நிலை

அறிக்கையின் இரண்டாம் பகுதி உலோகத்தைப் பற்றியது அல்ல, ஆயிலைப் பற்றியது. அதில் முதன்மையானது பாகுத்தன்மை, அதாவது ஆயில் ஓடுவதற்குக் காட்டும் தடை. இது 100 டிகிரி செல்சியஸில் சென்டிஸ்டோக்ஸ் அலகில் அளக்கப்படுகிறது. 60 தரம் என்றால் 21.9 முதல் 26.1-க்குள், 50 தரம் 16.3 முதல் 21.9-க்குள், 40 தரம் 12.5 முதல் 16.3-க்குள். 10டபிள்யூ-60 ஊற்றிய இன்ஜினின் அறிக்கையில் 19.5 என்று வந்தால் ஆயில் ஒரு தரம் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சூட்டில் ஆயில் அளவுக்கு மீறி நீர்த்துவிடாமல் காக்கச் சேர்த்த நீண்ட மூலக்கூறுகள் உயர் சுழற்சியில் நறுக்கப்பட்டிருக்கலாம். அல்லது எரியாத பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்திருக்கலாம். இரண்டையும் பிரிப்பது தீப்பற்று வெப்பநிலை, அதாவது ஆயிலின் ஆவி தீப்பிடிக்கும் குறைந்தபட்ச வெப்பம். பெட்ரோல் கலந்திருந்தால் அது தெளிவாக இறங்கும். மூலக்கூறுகள் நறுங்கியது மட்டுமே காரணமானால் பெரிதாக மாறாது. ஐயம் நீடித்தால் வாயு நிறப்பகுப்பு முறையில் பெட்ரோலை நேரடியாக அளக்கச் சொல்லிக் கேட்கலாம். பேரிங்கைப் பொறுத்தவரை பெட்ரோல் கலப்பே தீவிரமானது, ஏனெனில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள ஆயில் படலம் அதனால் மெலிகிறது.

அடுத்தது டிபிஎன் எனப்படும் மொத்தக் கார எண். எரிதலில் உண்டாகும் அமிலங்களைச் சமன்செய்ய ஆயிலில் எவ்வளவு கையிருப்பு மிஞ்சியிருக்கிறது என்பதை இது காட்டுகிறது. இதை அளக்க இரண்டு முறைகள் உள்ளன, இரண்டும் ஒரே ஆயிலுக்கு வெவ்வேறு எண்களைத் தரும். தயாரிப்பாளர் தன் விவரத்தாளில் அச்சிடும் எண் பெரும்பாலும் உயர்வாகக் காட்டும் முறையில் எடுத்தது. பயன்படுத்திய ஆயிலுக்கு ஆய்வகங்கள் பல நேரங்களில் குறைவாகக் காட்டும் முறையைக் கையாளுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்து ‘பாதி தீர்ந்துவிட்டது’ என்று முடிவுகட்டுவது பிழை. புது ஆயிலிலேயே ஒரு குப்பியை அதே ஆய்வகத்துக்கு ஒருமுறை அனுப்பிவிட்டால், டிபிஎன்னுக்கும் சேர்க்கைத் தனிமங்களுக்கும் நம்பத்தக்க தொடக்கப் புள்ளி கிடைத்துவிடும். அந்தச் செலவு வீணாகாது.

டிபிஎன் தீர்ந்து அமிலம் மிகுந்த ஆயில் ஈயத்தை அரித்துக் கரைக்கவும் செய்யும். ஆகவே ஈயம் உயர்ந்த அறிக்கையில் அமில எண்ணையும் (ஆயிலில் சேர்ந்துள்ள அமிலத்தின் அளவு) சேர்த்துப் பார்க்காமல் ‘உராய்வு’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

மூன்று மாதிரிகள், ஒரு கார்

விளக்கத்துக்காக அமைத்த எண்கள் இவை. ஈயமுள்ள பழைய ஓடுகள் கொண்ட ஓர் எஸ்65, ஒரே பிராண்ட் ஆயில், ஒரே ஆய்வகம்.

1. முதல் சுற்று, 8,000 கி.மீ.: ஈயம் 6, செம்பு 7, இரும்பு 9.
2. இரண்டாம் சுற்று, 8,000 கி.மீ.: ஈயம் 8, செம்பு 8, இரும்பு 10.
3. மூன்றாம் சுற்று, 5,000 கி.மீ.: ஈயம் 19, செம்பு 11, இரும்பு 6.

6-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே குப்பியை இரண்டு முறை அளந்தாலே இவ்வளவு மாறலாம். மூன்றாவது சுற்றில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஈயம் 1.0-இலிருந்து 3.8-ஆகவும், செம்பு 1.0-இலிருந்து 2.2-ஆகவும் உயர்ந்திருக்கிறது, இரும்பு ஆயிரத்துக்கு 1.2 என்று இருந்த இடத்திலேயே நிற்கிறது. பெரிய அளவில் கிராங்க்‌ஷாஃப்ட் காயப்பட்டதற்கான குறி இன்னும் இல்லை. ஆனால் ஓட்டின் மேற்பூச்சு விரைவாகக் கரைகிறது, அடியில் உள்ள செம்பும் தொடப்படுகிறது. அமில எண்ணும் பெட்ரோல் கலப்பும் இயல்பாக இருந்து, எரிபொருளிலும் ஈயம் இல்லையென்றால், அடுத்த மாதிரியை 8,000 கிலோமீட்டர் வரை தள்ளாமல் 2,000-லேயே எடுக்க வேண்டும். அதுவரை இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருமுன் உயர் சுழற்சிக்குக் கொண்டுபோகாமல் இருப்பது மிக மிக அவசியம். நான்காவது மாதிரியும் இதையே சொன்னால் இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பேரிங்குகளைப் பார்க்க வேண்டியதுதான்.

இந்த அறிக்கைகளில் ‘சராசரி’ப் பத்தி ஈயம் 10 என்று காட்டியிருந்தால் முதல் இரண்டு சுற்றும் ‘சராசரிக்குக் கீழே’ என்ற பாராட்டைப் பெற்றிருக்கும். அந்தச் சராசரி, ஆய்வகத்துக்கு ஆயில் அனுப்பிய எல்லாக் கார்களையும் சேர்த்தது. அவற்றுள் பேரிங் கெட்டவையும் உண்டு, ஈய ஓடே இல்லாதவையும் உண்டு. அதைப் பாதுகாப்பு எல்லையாக எடுத்துக்கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. ஒரு காருக்கு ஒப்பீடு அதே காரின் முந்தைய எண்கள்தான்.

அறிக்கை பார்க்காத துகள்கள்

8 மைக்ரானுக்கு மேற்பட்டவை கருவிக்குச் சரிவரத் தெரியாது என்று முன்பே கண்டோம். பெரிய துகள்கள் ஆயில் ஃபில்டரில் தங்கிவிடுகின்றன. நடுத்தர அளவுள்ளவை ஃபில்டருக்கும் சிக்காமல், அறிக்கையிலும் ஏறாமல் சுற்றுகின்றன. மெல்லத் தேயும் பாகத்தை ஆயில் சோதனை நன்றாகக் காட்டும். திடீரென்று செதில் செதிலாகப் பெயரும் பாகத்தைத் தவறவிடும். 1990-களின் இறுதி முதல் 2008 வரை வந்த பல போர்ஷே 911 இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டின் குண்டு பேரிங் உடைவது இதற்குத் தக்க உதாரணம். அந்தப் பேரிங்கின் எஃகுச் செதில்கள் முதலில் ஃபில்டரில் மின்னும். ஆய்வகத்தின் இரும்பு எண் அப்போதும் இயல்பாகவே இருக்கக்கூடும்.

ஆகவே ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரைப் பிரித்துப் பார்ப்பது சோதனையின் மறுபாதி. எஸ்65-இல் உள்ளது தகர உறை இல்லாத காகித ஃபில்டர் என்பதால் வேலை எளிது. கத்தியால் காகிதத்தை இரு முனைகளிலும் அறுத்து, ஆயிலை நன்கு பிழிந்து, மடிப்புகளை வெயிலில் விரித்து மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாக மினுங்கும் தூள் பெரிதல்ல. விரல் நகத்தில் உணரத்தக்க செதில் இருந்தால், அதன் அருகே காந்தத்தைக் கொண்டுபோக வேண்டும். ஒட்டினால் எஃகு, ஒட்டாமல் சாம்பல் நிறத்தில் மடங்கினால் அது பேரிங் பரப்பாக இருக்க வாய்ப்பு மிகுதி.

குப்பியில் பிடிப்பதிலும் கவனம் தேவை. இன்ஜின் சூடாக இருக்கும்போது டிரெய்ன் போல்ட்டைச் சுற்றித் துடைத்துவிட்டு, முதல் இரண்டு மூன்று லிட்டரை ஓடவிட்டு, நடு ஓட்டத்தில் பிடிக்க வேண்டும். முதலில் வருவதில் அடியில் படிந்த கசடு இருக்கும்.

சம்ப்பைத் திறந்தால்

எஸ்65-இல் கனெக்டிங் ராட் பேரிங்குகளை மாற்ற இன்ஜினை வெளியே எடுக்க வேண்டியதில்லை. இன்ஜினுக்கு அடியில் உள்ள முன் சட்டத்தை (சப்ஃபிரேம்) இறக்கி, ஆயில் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே செய்யலாம். கனெக்டிங் ராட் போல்ட்டுகள் மட்டும் கட்டாயம் புதியவையாக இருக்க வேண்டும். ஆயில் அறிக்கை நன்றாக இருந்தும், இதை முன்னெச்சரிக்கையாகவே செய்துவிடும் உரிமையாளர்கள் பலர். அது அதீத அச்சம் என்று சொல்வதற்கில்லை. பேரிங் பிடித்துக்கொண்டால் போவது முழு இன்ஜின். அதோடு, ஈயமற்ற ஓடுகள் கொண்ட கார்களுக்கு அறிக்கை தரும் முன்னறிவிப்பு பலவீனமானது.

கழற்றிய பழைய ஓடுகளை சிலிண்டர் வரிசைப்படி மேசையில் அடுக்கினால் அறிக்கையின் எண்கள் கண்ணுக்கு முன் வந்துவிடுகின்றன. மேல் ஓடு, கீழ் ஓடு என்று பதினாறு அரைவட்டங்கள். ஈயமுள்ள ஓட்டில் நல்ல பகுதி மங்கிய சாம்பல் நிறம். தேய்ந்த பகுதியில் சாம்பல் கரைந்து, அடியிலிருந்து செம்பு நிறத் திட்டு தெரியும். ஈயமற்ற ஓட்டில் இந்த நிற மாற்றமும் கிடையாது. பளபளத்த ஒரு பட்டையும், நகத்தில் தட்டுப்படும் கோடுகளும் மட்டுமே இருக்கும். எவ்வளவு தேய்ந்தது என்பதை மைக்ரோமீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும்.